ஹாரனுக்கு அசையாத பிள்ளை

‘சமத்து’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பிறந்து சில மாதமே ஆன பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “ரொம்ப சமத்து சார், இருக்கிற எடமே தெரியாது” என்று ஒரு வீட்டில் சொன்னால், அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். கொடுக்கிற டீயைக் குடியுங்கள். அழுகிற பிள்ளையைப் பற்றி ஊரே வந்து நம்மிடம் சொல்லும். அழாத பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பெருமைப்படுவார்கள்.

நீங்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை சேர்கிறீர்கள் என்றார்கள். எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதால் நான் கிளம்புகிறேன். ஓய்வு பெறுகிறவர் எழுதுகிற மாதிரி இதை எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். வயது முப்பதுகூட ஆகவில்லைதான். ஆனால் காரைக்காலில் பச்சிளம் குழந்தைகள் இருக்கும் வீடுவீடாகப் போய், முகம் பார்க்கிறதா, சிரிக்கிறதா, கழுத்து நின்றதா, குரல் கேட்டுத் திரும்புகிறதா என்று சில வருஷம் பார்த்துவிட்டால் மனுஷனுக்கு எழுபது வயதுக்காரனின் சலிப்பு வந்துவிடும். உங்களுக்கும் வரும்.

எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்ப ஓதப் போவதில்லை. பிள்ளைகளால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை. அவை செய்ய வேண்டியதைச் செய்யும், முடியாததைச் செய்யாது, பொய் சொல்லாது. தொல்லை முழுக்கச் சுற்றி நிற்கிறவர்களிடம்தான். “கழுத்து நின்னுடுச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் எப்பயோ நின்னுடுச்சு” என்பார்கள். தூக்கி உட்கார வைத்தால் தலை தோளில் சாயும். “இப்பதான் பால் குடிச்சிச்சு, அதான்” என்பார்கள். பாலுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்பிள்ளையாக இந்த வேலைக்கு வருகிறவருக்கு ஒரு வார்த்தை. வாசலிலேயே, “நர்சம்மா வரலயா?” என்று கேட்பார்கள். நான்தான் நர்ஸ் என்று சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை முதலில் ஏறியவன் நான்தான். நாற்று நட்டே என்னைப் படிக்க வைத்த என் அம்மா, முதல் மாதம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விளக்கமாகக் கேட்டுவிட்டு, “ஊருல உள்ள புள்ளைக்கெல்லாம் கழுத்து நின்னுச்சான்னு பாக்கவாடா உன்ன அவ்ளோ தூரம் படிக்க வச்சேன்? அத நானே பாத்து சொல்லுவனே!” என்றாள். பெற்ற தாயே அப்படிச் சொன்ன பிறகு, மற்றவர்கள் சொல்வது என்னத்துக்கு உறைக்கப் போகிறது?

தருமபுரத்தில் ஒரு வீடு இருந்தது. அப்பா, அம்மா இருவரும் உத்தியோகம். அப்பாவின் போனில் ஒரு ஆப். இந்த வாரம் உங்கள் குழந்தை இதைச் செய்ய வேண்டும் என்று அது தினமும் அவரை மிரட்டும். அவர் என்னை மிரட்டுவார். “சார், இன்னிக்கு குப்புற விழணும்னு போட்டிருக்கு. இன்னும் விழல.” பிள்ளையைப் போய்ப் பார்த்தால் கொழுகொழுவென்று காலை உதைத்து, என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கியது. “நல்லா இருக்கு சார். அதுக்கு ஆப் படிக்கத் தெரியாதுல்ல, அதான் விழல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் அது குப்புற விழுந்துவிட்டது. உடனே அடுத்த போன்: “விழுந்துடுச்சு சார், ஆனா திரும்ப மல்லாக்க வரத் தெரியல.”

இவர் மாதிரி ஆட்கள் உங்கள் உயிரை எடுப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் போன் செய்கிற வீட்டில் பிள்ளை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எனக்குப் பயம் காட்டியது போனே செய்யாத ஒரு வீடு. கருக்களாச்சேரி. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் அது. படகெல்லாம் கட்டிக் கிடந்தது. தடைக்காலத்தில் மீனவர் தெருவுக்கு வீடு பார்க்கப் போவதில் ஒரு சங்கடம் உண்டு: ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் பிள்ளையின் அம்மாவோடு பேசினால் போதும். தடைக்காலத்தில் அப்பா, தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர், அவரைப் பார்க்க வந்தவர் என்று ஆளுக்கு ஒரு கருத்து.

பிள்ளையின் பெயர் மகிழினி. நான்கு மாதம் முடிந்திருந்தது. அம்மா சந்தியா, அதிகம் பேசாத பெண். அப்பா சதீஷ், அவளைவிட அதிகம் பேசாதவன். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு சதீஷின் அப்பா இருந்தார். வாழ்நாள் முழுக்க விசைப்படகில் இன்ஜின் பக்கத்திலேயே நின்றவர். அதனால் காது பாதி மந்தம், குரல் முழு உரம்.

“வாங்க தம்பி, பாருங்க எம் பேத்திய. என்னா சமத்து! பக்கத்துல வெடி போட்டாலும் முழிக்காது!”

நான் உட்கார்ந்தேன். டீ வந்தது.

பிள்ளை முகத்தைப் பார்த்து அழகாகச் சிரித்தது. கையை நகர்த்தினால் கண் கூடவே வந்தது. கழுத்து நின்றிருந்தது. எல்லாம் சரி. பிறகு அதன் பின்பக்கம், கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினேன். ஒன்றுமில்லை. மறுபக்கம் போய் ஆட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். அது தன் விரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

“உங்க கிலுக்கு சத்தமே பத்தல தம்பி. எனக்கே கேக்கலயே!” என்றார் பெரியவர். “இப்ப பாருங்க.” ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கொண்டுவந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று ஓங்கி ஒரு அடி. பிள்ளை கண்ணைக் கொட்டியது. “பாத்தீங்களா!” தெருவே கேட்கிற மாதிரி சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார்.

முகத்துக்கு நேரே கரண்டியை வீசினால் கண் தெரிகிற எந்தப் பிள்ளையும் கண்ணைக் கொட்டும். மரக்கட்டிலைத் தட்டினால் அதிர்வில் தூக்கிப் போடும். இதைச் சொன்னேன். அவர் விடவில்லை.

“‘ங்கா’ன்னு பேசுதே தம்பி. காது கேக்காத புள்ள பேசுமா?”

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். பேசும். முதல் சில மாதங்களில் காது கேட்காத பிள்ளையும் கேட்கிற பிள்ளை மாதிரியேதான் ‘ங்கா’ சொல்லும். தன் குரல் தனக்கே கேட்காததால், பிறகுதான் மெல்ல மெல்லக் குறையும். அதற்குள் காதுக் கருவி மாட்டிவிட்டால் பேச்சு வர வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மாட்டிவிட்டால் ரொம்ப நல்லது. விட்டுவிட்டு, ரெண்டு வயசாகியும் பேசவில்லையே என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், ‘எங்க ஊட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம்’ என்ற சமாதானத்தோடு. அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

“பொறந்தப்ப காது பாத்தாங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பாத்தாச்சு, பாத்தாச்சு” என்றார் பெரியவர்.

கிளம்பித் தெருமுனைக்கு வந்துவிட்டேன். சந்தியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தாள். “சார், கிலுகிலுப்பைய விட்டுட்டுப் போறீங்க.” நான் அதை விடவில்லை. என் பையிலிருந்து அவளேதான் எடுத்து வைத்திருக்கிறாள்.

“சார், ஒண்ணு சொல்றேன். மூணாம் மாசம் எங்க அம்மா ஊட்லேருந்து வேன்ல கூட்டியாந்தாங்க. கீழவாஞ்சூர்கிட்ட நிலக்கரி லாரி ஒண்ணு பின்னாடியே வந்து ஹாரன் அடிச்சான் பாருங்க, டிரைவரே தூக்கிப்போட்டு பிரேக் போட்டாரு. இது மடியில அப்படியே தூங்குது. அசையல. ‘என்னா சமத்து’ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல சார்.”

பிறந்த ஆஸ்பத்திரியில் காது பார்த்தது உண்மைதான். சரியாகத் தெரியவில்லை, மறுபடி கொண்டு வாருங்கள் என்று சொன்னதும் உண்மை. அது நாகூர்ப் பக்கம், தமிழ்நாடு. காரைக்கால் புதுச்சேரி அரசு. “எங்க ஊட்ல, ‘இனிமே அவங்க ஊர்ல பாத்துக்குவாங்க’ன்னாங்க. இங்க வந்தா, ‘பொறந்த எடத்துலயே பாத்தாச்சே’ங்கறாங்க. நடுவுல வாஞ்சூர் செக்போஸ்ட்டுதான் சார் இருக்கு. அவங்களா பாப்பாங்க?”

தாய்வீட்டில் பெற்று, ஒற்றைப்படை மாதத்தில் புருஷன் வீட்டுக்கு வருவது நம் வழக்கம். அந்த இரண்டு வீடும் இரண்டு அரசாங்கத்துக்குள் இருப்பது நம் ஊரின் தலையெழுத்து. பிள்ளை கோடு தாண்டும்போது பின்தொடர்ந்து பார்க்க வேண்டிய வேலை கோட்டிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் ‘காது பாத்தாச்சா’ என்று கேட்காதீர்கள். ‘பாத்துட்டு என்ன சொன்னாங்க’ என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவுக்குக் காது பரிசோதிக்கும் மேடம் வாரத்தில் ஒரு நாள் வருவார். அடுத்த நாளே நான் கருக்களாச்சேரி போய், பிள்ளையைக் கொண்டு வாருங்கள் என்றேன். வலிக்காது, ஊசி இல்லை, மருந்து இல்லை, தூங்கும்போது காதில் சத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

“காதுல என்னா வைப்பாங்க?” என்றார் பெரியவர்.

“சின்னதா ஒரு ரப்பர் முனை. அப்புறம் ஹெட்போன்.”

“காதுக்குள்ளயா?”

“ஆமாங்க ஐயா.”

“அது முடியாது தம்பி. இன்னும் காது குத்தல. காதுல மொதல்ல ஒண்ணு வைக்கிறதுன்னா தாய்மாமன் மடியிலதான் வைக்கணும். எங்க வம்சத்துல அதான் மொற.”

“இது குத்துறது இல்லீங்க. வச்சு எடுக்கறது.”

“வைக்கிறதுதான?”

“வைக்கிறதுதான்...”

“அப்ப மாமன் மடிதான்.”

சரி, மாமனைக் கூப்பிடுங்கள் என்றேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சதீஷ் எழுந்து வெளியே போய்விட்டான்.

விஷயம் இதுதான். சந்தியாவுக்கு ஒரே அண்ணன், குமரவேல். பிள்ளையைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது தாய்மாமன்தான் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். இவர்கள் அழைக்கப் போன அன்று குமரவேல் கடலில். கரை திரும்பத் தாமதமானது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரியவர் அவசரப்படுத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குமரவேல் வந்து பார்த்தால் வெறும் வீடு. தாம்பூலம் வைத்து முறையாகக் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம். “ஊட்டுக்கு வர்றதுக்கு வெத்தல பாக்கு கேக்குறான் பாருங்க. நான் எதுக்கு வைக்கணும்? பொண்ணு குடுத்தவன் அவன்” என்பது பெரியவரின் கட்சி.

பிள்ளையின் காதுக்கும் பேச்சுக்கும் இடையில் இப்போது ஒரு வெற்றிலை நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் காது எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். பெரியவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது நத்தை மாதிரில்ல இருக்கு?” என்றார். பக்கத்து வீட்டுக்காரர், “சங்கு மாதிரி” என்றார். அவர்களுக்குள் அது நத்தையா சங்கா என்று விவாதம் ஆரம்பித்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

அன்று எங்கள் பிரிவில் எல்லோரும் சொன்னார்கள்: நம் வேலை சொல்வது, சொல்லியாகிவிட்டது, வரவில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும்? குடும்பச் சண்டையில் தலையிடாதே. நியாயமான பேச்சு. நாளைக்கு உங்களிடமும் சொல்வார்கள். ஆனால் வாரங்கள் ஓடுவது அந்தச் சண்டைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூடநம்பிக்கை என்று பெரியவரோடு இன்னும் ஒரு மாதம் மல்லுக்கட்டலாம், நான் ஜெயிக்கக்கூடச் செய்யலாம். பிள்ளை தோற்றுவிடும். மடிதான் வேண்டுமென்றால், மடியைக் கொண்டுவருவது சுலபம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சதீஷ் என்னைத் தேடி வந்தான். கையில் மஞ்சள் துணி போர்த்திய தட்டு. வெற்றிலை, பாக்கு, பூ, பழம்.

“சந்தியா சொல்லுச்சு சார். நீங்க போயி எங்க மச்சான கூப்புடணும்.”

“யோவ், நீ போய்யா! உன் மச்சான், உன் புள்ள!”

“நான் போனா எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சுடும் சார்.”

“நான் போனா?”

“நீங்க கவர்மென்ட்டுல்ல சார்.”

அரசாங்கத்தின் சார்பில் தாம்பூலத் தட்டு எடுத்துக்கொண்டு பைக்கில் போன ஒரே நர்ஸ் இந்தியாவில் நானாகத்தான் இருப்பேன். கீழவாஞ்சூர் வரை நிலக்கரித் தூசி. வெற்றிலைக்குத் தூசி படாமல் தட்டைப் பையில் போட்டு நெஞ்சோடு கட்டியிருந்தேன். அதுவே வினையாயிற்று. காரைக்காலிலிருந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறவன் எதைக் கடத்துவான் என்பது செக்போஸ்ட் போலீஸ்காரருக்குத் தெரியாதா?

“பையில என்னப்பா?”

“வெத்தல பாக்கு சார்.”

“வெத்தலதான். அடியில?”

“வாழப்பழம்.”

பழத்தைக்கூட விடாமல் தூக்கிப் பார்த்தார். “யாருக்குக் கல்யாணம்?”

“கல்யாணம் இல்ல சார். காது டெஸ்ட்டு.”

என் வாயை ஊதச் சொன்னார்.

குமரவேல் கடற்கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நூலைக் கடித்து அறுத்தான்.

“நீங்க எங்களுக்கு என்ன மொற?”

“ஆஸ்பத்திரி.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு வேணும்னா வர்றேன். அந்த ஊட்டுக்கு வர மாட்டேன். கெழவனே நேர்ல வந்து வெத்தல வைக்கட்டும். புள்ளையத் தூக்கி வண்டியில ஏத்துற மொற என்னுது. அத எடுத்துக்கிட்டாருல்ல?”

பெரியவரின் வருத்தம், குடும்ப ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல் என்று வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அண்ணனிடம் சொல்லுங்கள் என்று சந்தியா சதீஷிடம் சொல்லியனுப்பியது ஒன்றைத்தான். அதை மட்டும் சொன்னேன்.

“உங்க மருமவளுக்குக் காது கேக்கலன்னு நெனைக்கிறோம். உறுதி இல்ல. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். உங்க மடியில வச்சாத்தான் எடுக்க விடுவாங்களாம்.”

அவன் கை நின்றது.

“யாரு சொன்னது?”

“உங்க தங்கச்சி.” லாரி ஹாரனைச் சொன்னேன்.

வலை ஊசியைக் கீழே வைத்தான். “கடலுக்குக் கெளம்புறப்ப தொட்டில்கிட்ட போயி விசில் அடிச்சுட்டுத்தான் சார் போவேன். சிரிக்கும். அப்ப என் விசில் அதுக்குக் கேக்கலயா?”

உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கும் என்றேன். இந்த வேலையில் சொல்லக் கஷ்டமான வாக்கியங்களில் அது ஒன்று. மழுப்பியிருக்கலாம். மழுப்பியிருந்தால் அவன் எழுந்திருக்க மாட்டான்.

“தட்ட அந்தாண்ட வைங்க சார். எப்ப வரணும்?” என்று எழுந்தான். நான்கு அடி நடந்துவிட்டுத் திரும்பினான். “ராகு காலம் இல்லாம பாத்துச் சொல்லுங்க.”

டெஸ்ட் அன்று நான் எதிர்பார்த்தது மூன்று பேரை. வந்தது ஒரு வேன். காதில் ஒன்று வைக்கிறார்கள், மாமன் மடியில் வைக்கிறார்கள் என்றால் அது விசேஷம்தானே? குமரவேல் பக்கத்து ஆட்கள் பழத்தட்டு, புதுச் சட்டை, மாலை சகிதம் இறங்கினார்கள். ஒரு பெண்மணி குலவை போடத் தயாராக இருந்தார். மேடம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“இங்க என்ன நடக்குது? குழந்தை தூங்கணும். ஊசி விழுந்தா கேக்கணும். இவங்கல்லாம் யாரு?”

“மாமன் வீடு மேடம்.”

“எத்தனை மாமன்?”

அத்தனை பேரையும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓட்டுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாலையை மட்டும் விட மாட்டேன் என்று குமரவேல் கழுத்தில் போட்டுக்கொண்டே உட்கார்ந்தான். சந்தியா பால் கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைத்து அவன் மடியில் படுக்க வைத்தாள். நல்ல வேளை, முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது பெரியவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சத்தம் போடாமலிருந்தால் இருக்கலாம் என்றார் மேடம்.

மூன்றாம் மாதத்திலிருந்து முகம் பார்க்காத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பேசக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. பேசுகிற எண்ணம் அவர்களுக்கும் இல்லை. முதலில் காதில் ரப்பர் முனையை வைத்துப் பார்த்தார்கள். பிறகு பிள்ளையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகளை ஒட்டி, ஹெட்போனை வைத்தார்கள். மெல்லிய சத்தத்தில் ஆரம்பித்தார்கள். அது எங்களுக்குக் கேட்காது, பிள்ளைக்கு மட்டும்தான். காது கேட்டால் திரையில் வர வேண்டிய அலை வரவில்லை. கொஞ்சம் கூட்டினார்கள். வரவில்லை. மேலும் கூட்டினார்கள்.

ஒரு கட்டத்தில் ஹெட்போனை மீறி அந்தச் சத்தம் அறைக்குள் கசிய ஆரம்பித்தது. டிக், டிக், டிக், டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி. பெரியவர் தலையைத் தூக்கினார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்து பிள்ளையைப் பார்த்தார். என் கிலுகிலுப்பை கேட்காத காதுக்கு, இன்ஜின் தின்றுவிட்டுப் போன அந்தக் காதுக்கு, அத்தனை தூரத்திலிருந்து கேட்கிறது. காதோடு ஒட்டி வைத்திருக்கிற பிள்ளை வாயை லேசாகத் திறந்து தூங்குகிறது.

என்னுடைய நத்தைப் படத்தால் முடியாதது அந்த டிக் டிக்கில் முடிந்தது. இதற்காகத்தான் சொல்கிறேன்: வீட்டு ஆட்களை வெளியே நிறுத்துவது நமக்குச் சுலபம். நம்பாத ஒருவரை மட்டும் உள்ளே உட்கார வையுங்கள்.

மேடம் இயந்திரத்தை நிறுத்தினார். சொல்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சந்தியா சுவரோரம் நின்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குமரவேலின் முழங்கால் ஆடியது. மாலையிலிருந்து இதழ்கள் பிள்ளையின் மேல் உதிர்ந்தன.

முதலில் பேசியவர் பெரியவர். மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். “ஆட்டாத மாப்ள. தலையத் தாங்கிப் புடி.”

“சரிங்க மாமா” என்றான் குமரவேல்.

அவ்வளவுதான் அவர்கள் சமாதானம். வெற்றிலை கடைசிவரை வைக்கப்படவில்லை. அந்தத் தட்டு ரொம்ப நாள் எங்கள் அலமாரியில் கிடந்தது. கேட்டால் அவர்களும் வாங்கவில்லை, இவர்களும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு காதுக்கு அச்சு எடுத்து, கருவி வரவழைத்து, ஆறு மாதம் முடிவதற்கு முன் மாட்டிவிட்டோம். வலது காதுக்கு மடி குமரவேல். இடது காதுக்கும் அவனே. பெரியவர் இதில் தகராறு செய்யாமலிருந்தது எனக்கு ஆச்சரியம். கருவி மாட்டினால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிள்ளை அதைப் பிடுங்கும், வாயில் போடும், கருவி ‘கீய்’ என்று கத்தும், “குளிப்பாட்டும்போது கழட்டணுமா?” என்று கேட்பார்கள், கழட்டினால் மாட்ட மறப்பார்கள். சந்தியா ஒருத்தி இருந்ததால் அந்த வீட்டில் தப்பித்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலை, நான் இன்னொரு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பெரியவரிடமிருந்து போன்.

“தம்பி, என்னத்த வச்சு உட்டீங்க புள்ள காதுல?”

“ஏன் ஐயா, என்ன ஆச்சு?”

“முன்ன என்னா சமத்தா இருக்கும்! இப்ப கதவச் சாத்துனா அழுவுது. மிக்சி போட்டா அழுவுது. மீன்காரம்மா கூவுனா அழுவுது. நேத்து நான் தும்முனேன், அதுக்கு ஒரு மணி நேரம் அழுவுது. மருமவ என்ன மொறைக்குது. எம் ஊட்ல நான் தும்மக் கூடாதா?”

“பழகிடும் ஐயா. புதுசுல்ல.”

“அதக்கூட உடுங்க. அந்த மாமன்காரன் வாரா வாரம் வர்றான். தெரு முனையில வண்டிய நிறுத்துறப்பவே விசில் அடிக்கிறான். ஆளு இன்னும் கண்ணுக்கே தெரியல, இது தொட்டிலுக்குள்ள காலப் போட்டு ஒதைக்குது, சிரிக்குது. நான் நாள் முழுக்கப் பக்கத்துலயே கெடக்கேன். தட்டத் தட்டுனா அழுவுது. எனக்கு ஒரு சிரிப்பு உண்டா?”

“நீங்களும் விசில் அடிங்க ஐயா.”

போனில் ‘ஃபூ, ஃபூ’ என்று ஊதுகிற சத்தம் வந்தது.

“எனக்கு முன்னாடி பல்லு ரெண்டும் இல்ல தம்பி. வெறும் காத்துதான் வருது.”

“பக்கத்துல போயி அதையே அடிங்க ஐயா” என்றேன். “இப்ப கேக்கும்.”